லிஃப்ட்டுக்கார நரியும் ஐந்நூற்றுப் பன்னிரண்டு குறிப்புகளும்

உலகத்தில் ஆராய்ச்சி என்று சொல்லத் தகுந்த வேலை ஒன்றே ஒன்றுதான் நடக்கிறது. அது ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் நடக்கிறது. மற்ற இடங்களில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு குப்பியைக் குலுக்குகிறவர்கள் செய்வதெல்லாம் வயிற்றுப் பிழைப்பு. அவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு எங்கள் நரி கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் அமைப்பின் முழுப் பெயர் 'லிஃப்ட்டுக்கார நரி நூல்வரிசைப் படக்குறிப்பு உயர் ஆய்வுக் கழகம்'. கிளினிக் வாசலில் 'வலியில்லாமல் பல் எடுக்கப்படும்' என்ற பலகைக்குக் கீழே எங்கள் பலகை தொங்குகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்துவிட்டு, பல் வலியோடு வந்த சிலர் அப்படியே திரும்பிப் போயிருக்கிறார்கள்.

மொத்தம் ஒன்பது உறுப்பினர்கள். தலைவர் பல் டாக்டரேதான். நோயாளி சாய்ந்துகொள்ளும் நாற்காலிதான் தலைவர் இருக்கை. காலால் ஒரு கட்டையை மிதித்தால் அது ஏறும். விவாதம் சூடு பிடிக்கப் பிடிக்க அவரும் உயர்ந்துகொண்டே போவார். மற்ற எட்டுப் பேரும் வெளியே காத்திருப்போர் கூடத்திலிருந்து நாற்காலிகளைத் தூக்கி வந்து போட்டுக்கொள்வோம். துணைத் தலைவர் செல்போன் ரிப்பேர் கடைக்காரர். கடையிலிருந்த மைக்ராஸ்கோப்பைக் கழகத்துக்கு அர்ப்பணித்தவர் என்பதால் அவருக்கு 'மைக்ரோ' என்று பட்டம். பல் எக்ஸ்ரேயை மாட்டிப் பார்க்கும் விளக்குப் பெட்டியில் நாங்கள் நரியை மாட்டிப் பார்ப்போம்.

செயலாளர் அடியேன். கட்டட வரைபடங்களைச் சரிபார்த்து அனுமதி முத்திரை குத்தும் ஆபீசில் இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஒரு கோடு அரை மில்லிமீட்டர் நகர்ந்திருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. மாடிப்படியே இல்லாத நாலு மாடிக் கட்டடம் ஒன்றுக்கு நான் முத்திரை குத்திவிட்டதாக ஒரு புகார் உண்டு. உண்மைதான். அன்று என் மேஜை டிராயரில் ஆறாம் புத்தகம் திறந்திருந்தது.

நரியை அறியாத துர்ப்பாக்கியசாலிகளுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'லிஃப்ட்டுக்கார நரி' வரிசையில் அப்போது பதினாலு புத்தகங்கள் வந்திருந்தன. ஒவ்வொன்றும் பன்னிரண்டு பக்கம். அட்டையில் 'நான்கு வயது முதல் ஆறு வயது வரை' என்று போட்டிருக்கும். அது ஒரு 'திசைதிருப்பும் உத்தி' என்பது கழகத்தின் கருத்து. பத்து மாடிக் கட்டடம் ஒன்றில் சிவப்புத் தொப்பி போட்ட நரி லிஃப்ட் ஓட்டுகிறது. பழைய காலத்து லிஃப்ட், மடக்குக் கதவை நரிதான் கைப்பிடி பிடித்து இழுத்துச் சாத்த வேண்டும். ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு மிருகம் ஏறும். "எந்த மாடி?" என்று நரி கேட்கும். போகிற வழியில் ஏதாவது ஒரு கலாட்டா. கடைசிப் பக்கத்தில் மிருகம் இறங்கும், நரி "பார்த்துப் போங்க" என்று சொல்லும். குழந்தைகள் சிரித்துவிட்டுத் தூங்கிப்போகின்றன. தூக்கம் வராதவர்கள் எங்கள் கழகத்தில் சேர்கிறார்கள்.

எங்களைத் தூங்கவிடாத கேள்வி இதுதான்: எல்லா மிருகங்களும் இறங்குகின்றன, நரி மட்டும் ஏன் லிஃப்டை விட்டு இறங்குவதே இல்லை?

நரி எழுத்தில் பேசாது, படத்தில்தான் பேசும் என்பது எங்கள் அடிப்படைக் கொள்கை. ஆறாம் புத்தகத்தின் நாலாம் பக்கத்தில் கதவின் கைப்பிடி இடப்பக்கம் இருக்கிறது. ஐந்தாம் பக்கத்தில் வலப்பக்கம் இருக்கிறது. சாதாரண மனிதன் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று பக்கத்தைப் புரட்டியிருப்பான். நான் மூன்று மாதம் புரட்டவில்லை. அதன் பலன்தான் உலகப் புகழ் பெற வேண்டிய 'இரட்டை லிஃப்ட் கோட்பாடு'. அந்தக் கட்டடத்தில் இருப்பது இரண்டு லிஃப்ட், இரண்டு நரி. ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கும். ஒன்றை ஒன்று பார்த்ததே இல்லை. பதிவேட்டில் குறிப்பு எண் ஏழு, கண்டுபிடித்தவர் செயலாளர்.

நாற்பது பக்கக் கட்டுரையாக எழுதி வாசித்தேன். முடித்தபோது தலைவரின் நாற்காலி உச்சத்தில் நின்றது. மற்றவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்காக யாராவது எழுந்து நின்றது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. பஸ்ஸில்கூட யாரும் எழுந்ததில்லை. அன்று வீட்டுக்கு நடந்தே போனேன், கால் தரையில் பாவவில்லை.

கழகத்துக்குப் பதினோரு விதிகள். அவற்றில் நான்காம் விதி உயிர்நாடி: 'படத்தில் பிழை என்று ஒன்று கிடையாது. பிழை என்று கூறும் உறுப்பினர் ஒரு மாத காலம் கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்க வேண்டும்.' இந்த விதி வந்த பிறகு பிழை என்ற வார்த்தையே எங்கள் மத்தியில் ஒழிந்தது. நாற்காலிகள் மட்டும் அடுக்கப்படாமல் கிடக்கும்.

முதல் எட்டுப் புத்தகங்களில் நாங்கள் கண்டெடுத்தவை வெறும் நாற்பத்தொரு குறிப்புகள். கல்லில் நார் உரித்த காலம் அது. ஒன்பதாம் புத்தகம் வந்ததும் மடை திறந்தது. ஒட்டகச்சிவிங்கிக்கு ஐந்து கால். நீர்யானைக்கு ஒரு கண் நெற்றியில், இன்னொன்று காதருகே. தொப்பியின் சிவப்பு தொப்பிக்குள் நிற்காமல் பக்கத்துச் சுவரிலும் வழிந்தது. லிஃப்டின் பொத்தான்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன. அந்த ஒரே புத்தகத்தில் அறுபது குறிப்புகள்! பத்தில் அதைவிட அதிகம். நாங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தோம். பதினான்காம் புத்தகத்தோடு கணக்கு நானூற்றுப் பன்னிரண்டைத் தொட்டது. இதைக் கழக வரலாற்றில் 'பொற்காலம்' என்று குறித்திருக்கிறோம். பத்தாம் புத்தகத்திலிருந்து ஒவ்வொரு தடவையும், ஓவியரின் மேதைமை நாளுக்கு நாள் ஆழமாகிறது என்று தீர்மானம் போட்டு, பதிவேட்டோடு சேர்த்துப் பதிப்பகத்துக்கு நகல் அனுப்பினோம். பதிப்பகம் அதை அடுத்த புத்தகத்தின் பின்னட்டையில் அச்சடித்தது. அதைப் படித்துவிட்டுப் பெரியவர்கள் தங்களுக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று என்று வாங்கிப் போனார்கள்.

என் மனைவிக்கு இந்த மாதிரி நுட்பங்களெல்லாம் ஏறாது. அவளுக்கு ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள் பிரிவில் வேலை. குடை வந்தால் 'குடை, கறுப்பு, ஒரு கம்பி உடைந்தது' என்று எழுதுவாள். அந்தக் குடை எதன் குறியீடு என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. எப்படித்தான் இத்தனை வருஷம் வேலையில் வைத்திருக்கிறார்களோ.

பதினான்காம் புத்தகத்தின் பதினொன்றாம் பக்கம் கழகத்தை ஆட்டிவைத்தது. லிஃப்டுக்குள் ஓர் அறிவிப்புப் பலகை. அதில் கோணல்மாணலான எழுத்தில் பத்துச் சொற்கள்: 'எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. இனி படம் போட வேறு ஆளைப் பாருங்கள்.'

"பத்துச் சொல், பத்து மாடி," என்றார் தலைவர், நாற்காலியை ஒரு மிதி மிதித்து.

"முதல் எழுத்தை மட்டும் எடுத்துச் சேர்த்துப் பார்த்தேன் டாக்டர்," என்றார் மைக்ரோ. "எ-க-ச-தெ-இ-ப-போ-வே-ஆ-பா."

"அப்படின்னா?"

"தெரியல. ஆனா நரி பேசினா இப்படித்தான் பேசும்."

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அந்தப் பத்துச் சொற்களைப் பின்னாலிருந்து படித்தோம், ஒன்றுவிட்டு ஒன்று படித்தோம், விளக்குப் பெட்டியில் மாட்டிக் கண்ணாடியில் பிரதிபலிக்கவைத்துப் படித்தோம். 'வேறு ஆள்' என்பது இரண்டாவது நரிதான் என்று நான் பதினெட்டுப் பக்கத்தில் நிறுவினேன். மனைவியிடம் பெருமையாகக் காட்டினேன்.

அவள் பலகையை ஒரு தடவை படித்தாள். "இதுல தேட என்ன இருக்கு? படம் போடறவங்களுக்குக் கண்ணு தெரியல. விட்டுடுங்கன்னு கெஞ்சறாங்க."

"அது மேல்மட்ட வாசிப்பு."

"கீழ்மட்டத்துல என்ன எழுதியிருக்கு?"

"அதைத்தான் தேடிக்கிட்டிருக்கோம்."

"கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்குன்னு கேப்பாங்க. உங்களுக்கு மைக்ராஸ்கோப்பே வெச்சாலும் புண்ணு தெரியாது போல," என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். இப்படிப்பட்ட மேலோட்டமான வாசகர்கள் வீட்டிலேயே இருப்பது ஒரு சோதனை.

அடுத்த ஞாயிறு பதினொன்றரை மணிக்குக் கதவு தட்டப்பட்டது. ஐம்பது வயதுக்கு மேலான ஒரு அம்மா. நிலைப்படியைக் காலால் துழாவிவிட்டு உள்ளே வந்தார். வலது கை விரல்களில் மை ஏறியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை பல்லு பார்க்கறதில்லம்மா," என்றார் தலைவர் மேலிருந்து.

"பல்லு நல்லாத்தான் இருக்கு. கண்ணுதான் போயிட்டிருக்கு," என்றார் அந்த அம்மா. "நரிக் கழகம் இதுதானே? அந்த நரியை வரையறவ நான்."

தலைவர் பதற்றத்தில் தவறான கட்டையை மிதித்து, நாற்காலியோடு தரைமட்டத்துக்கு இறங்கினார். மைக்ரோ ஓடிப்போய்ப் பதிவேட்டைத் திறந்து, அவர் கையை அசைத்ததையும் தலையைத் திருப்பியதையும் எழுதத் தொடங்கினார். ஒருவர் தன் நாற்காலியைக் கொடுத்தார். ஓவியர் அதைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"உங்க பதிவேட்டோட நகலை மேனேஜர் எனக்குப் படிச்சுக் காட்டினார்," என்றார் அவர். "நானூத்திப் பன்னெண்டு. எவ்ளோ பொறுமையாப் பார்த்திருக்கீங்க! ஆனா அது எல்லாமே தப்புங்க. நான் பண்ணின தப்பு. பாதி, தப்புன்னு நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்."

"தப்பு" என்ற சொல் காதில் விழுந்ததும் எங்களில் ஒருவர் வழக்கப்படி ஒழுங்குப் பிரச்சினை எழுப்பிவிட்டார். நான்காம் விதியின்படி ஓவியர் ஒரு மாதம் நாற்காலி அடுக்க வேண்டும். தலைவர் பெருந்தன்மையோடு விதியைத் தளர்த்த முன்வந்தார்.

"அடுக்கணும்னாலும் அடுக்கிடறேன்," என்றார் அந்த அம்மா. "நான் ஒரு கடுதாசி கேட்டு வந்திருக்கேன். அது மட்டும் குடுத்துடுங்க."

விஷயம் இதுதான். அடுத்த மாதம் ஐந்தாம் தேதி அவருக்குக் கண் ஆபரேஷன். பதினான்காம் புத்தகத்துக்காக ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப் போட்டாகிவிட்டது. இன்னொரு தடவை தள்ளினால் வரவே வேண்டாம், வந்து பிரயோஜனமில்லை என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷன் ஆனால் ஆறு மாதம் பென்சிலைத் தொடக் கூடாது. பதிப்பக மேனேஜரோ பதினைந்தாம் புத்தகத்துக்குத் தேதி குறித்துவிட்டார். ஒப்பந்தப்படி நடுவில் விட்டால் கோர்ட்டுக்குப் போவோம் என்கிறார்.

"தப்பு தப்பா வருதுங்க, வேற நல்ல பையனாப் பார்த்துப் போட்டுக்குங்கன்னு சொன்னேன். நீங்க தப்பு பண்ணப் பண்ணத்தான்மா விக்குதுங்கறார். சரி, இதெல்லாம் தப்புதான், குறிப்பு இல்லன்னு அந்தக் கழகத்துக்காரங்களே எழுதிக் குடுத்தா உங்களை விட்டுடறேன்னும் சொல்லியிருக்கார். ஒரு கண்ணு மொத்தமாப் போயிடுச்சு. இன்னொண்ணுல ஓரமாக் கொஞ்சம் தெரியுது. அதையாவது காப்பாத்திக்கலாம்னு பார்க்கறேன். நாலு வரி போதும்."

எனக்கு உள்ளே எங்கோ சுருக்கென்றது. ஆனால் ஒரு செயலாளருக்கு அதைவிட முக்கியமான கடமை ஒன்று இருந்தது.

"அம்மா, ஆறாம் புத்தகம், அஞ்சாம் பக்கம்," என்றேன். "கதவோட கைப்பிடி வலப்பக்கம் போயிருக்கு. அது... அதுவும் கண்ணாலதானா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். முகம் மலர்ந்தது.

"அதுவா! இல்லைங்க, அப்போ கண்ணு நல்லாத்தான் இருந்துது. அன்னிக்கு அண்ணன் பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சுன்னு போன் வந்துது. போட்டது போட்டபடி ஓடினேன். திரும்பி வந்து எந்தப் பக்கம் போட்டேன்னு பார்க்காம மீதியை முடிச்சுட்டேன். பொண்ணு பொறந்துது. இப்போ ஸ்கூலுக்குப் போகுது."

இரட்டை லிஃப்ட், இரண்டு நரி, நாற்பது பக்கம், பிறகு பதினெட்டுப் பக்கம் எல்லாம் யாரோ ஒரு பெண்ணின் பிரசவ வலியில் போய்விட்டன. எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். யாரும் எழுந்து நிற்கவில்லை.

சம்பந்தப்பட்டவர் விவாதத்தின்போது அறையில் இருக்கக் கூடாது என்பது ஆறாம் விதி. அதனால் ஓவியரை வெளிக்கூடத்தில் காத்திருக்கச் சொன்னோம். கூடத்து நாற்காலிகளெல்லாம் உள்ளே எங்களுக்கு அடியில் இருந்தன என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. நாற்பது நிமிஷம் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"பாவம் சார், எழுதிக் குடுத்துடலாம்," என்றார் ஸ்கூல் வேன் ஓட்டும் உறுப்பினர். "நாலு வரிதானே கேக்கறாங்க."

"நாலு வரியா? நானூத்திப் பன்னெண்டு குறிப்பு சார்!" என்றார் மைக்ரோ. "அவங்க வரைஞ்சாங்க, சரி. ஆனா அதுல என்ன இருக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்களுக்குத்தான் கண்ணு தெரியாதே!"

இந்த வாதத்தின் கூர்மையை நான் அப்படியே பதிவேட்டில் எழுதிக்கொண்டேன். தலைவர் மெல்ல உயர்ந்தார்.

"எனக்கு இன்னொண்ணு தோணுது," என்றார். "ஓவியரே நேர்ல வந்து, எல்லாம் தப்புன்னு சொல்றாங்க. எதுக்குச் சொல்றாங்க? நாம எதையோ நெருங்கிட்டோம். நம்மளைத் தடுக்கறாங்க."

வாக்கெடுப்பு நடந்தது. கடிதம் கொடுக்கலாம் என்று நான்கு கைகள். கூடாது என்று நான்கு கைகள். பதிவேட்டை வைத்துக்கொண்டிருந்த என் கை மட்டும் பாக்கி. எல்லோரும் என் கையையே பார்த்தார்கள்.

நான் யோசித்தது நரியைப் பற்றி இல்லை, கண்ணைப் பற்றியும் இல்லை. நாளைக்கு ஆபீசுக்குப் போனால் மாடிப்படி இல்லாத கட்டடத்துக்கு முத்திரை குத்தினவனாக இருப்பேன். வாரத்தில் மூன்று மணி நேரம்தான் நான் ஏழாம் குறிப்பைக் கண்டுபிடித்தவன். அதையும் கொடுத்துவிட எனக்கு மனசு வரவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடேயே கூடாது என்ற பக்கம் கையைத் தூக்கினேன். 'கழகத்தின் நலன் கருதி' என்று அடைப்புக்குறிக்குள் எழுதியும் வைத்தேன்.

வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது கழகத்தின் மரபு அல்ல. எனவே லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் தயாரித்தோம்: 'ஓவியரின் அரிய வருகைக்குக் கழகம் நன்றி பாராட்டுகிறது. அவரது தன்னடக்கத்தை மெச்சுகிறது. பதினைந்தாம் புத்தகத்தை அவரே வரைய வேண்டும் என்று ஏகமனதாக வற்புறுத்துகிறது.' ஐந்துக்கு நான்கை ஏகமனதாக என்று எழுதியது என் சொந்த நடை.

கவரை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். சுவரோரம் நின்றிருந்தவர் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

"எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டோம்மா."

"கொஞ்சம் படிச்சுக் காட்டுங்களேன்."

"மேனேஜரே படிச்சுக் காட்டுவார்ம்மா," என்றேன்.

கவரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்துவிட்டு, சரியாக மூடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். "நீங்க நல்லா இருக்கணும்," என்றார். படியிறங்கும்போது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன் என்பதையும் நியாயத்துக்காகப் பதிவு செய்கிறேன்.

வீட்டில் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அதாவது, கழகம் ஒரு சிக்கலான சூழ்நிலையை எவ்வளவு நாகரிகமாகக் கையாண்டது என்று சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"கடுதாசியில என்ன இருக்குன்னு அவங்களுக்குச் சொன்னீங்களா?"

"மேனேஜர் சொல்வார்."

"எங்க கவுன்ட்டர்ல வந்து நிக்கறவங்களுக்கு, பொருள் இல்லன்னா இல்லன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிடுவோம். அழுதாலும் சொல்லிடுவோம்," என்றாள். "பொருளை உள்ள வெச்சுக்கிட்டு, வேற எதையோ பொட்டலம் கட்டிக் குடுத்து அனுப்ப மாட்டோம். அதுக்குப் பேர் வேற."

என்ன பேர் என்று நான் கேட்கவில்லை. நான்கு நாள் அவள் பேசவில்லை. ஐந்தாம் நாளும் உப்பு எங்கே என்று கேட்டதோடு சரி.

ஐந்து மாதம் கழித்துப் பதினைந்தாம் புத்தகம் வந்தது. அதை எப்படி வருணிப்பேன்! நரி ஒரு பக்கம் இருக்கிறது, தொப்பி வேறொரு பக்கம் இருக்கிறது. லிஃப்டின் கோடுகள் ஒன்றையொன்று தொடவேயில்லை. ஏழாம் பக்கம் முழுக்கச் சாம்பல் நிறம், நடுவில் ஒரு கைரேகை. ஒன்பதாம் பக்கத்தில்தான் அந்த மகா அதிசயம். லிஃப்ட் பக்கத்தின் இடது ஓரத்தில் நிற்கிறது, நரி வலது ஓரத்தில் தனியாக நிற்கிறது. நரி லிஃப்டை விட்டு இறங்கிவிட்டது! எங்கள் வாழ்நாள் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. மைக்ரோ அழுதார். தலைவர் இரண்டு நோயாளிகளை வாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு எனக்குப் போன் செய்தார். லிஃப்ட் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியாமல் நரியை வரைந்தால் இப்படித்தான் இருக்கும் என்று வேன் ஓட்டும் உறுப்பினர் சொன்னார். இப்போது அவர்தான் நாற்காலி அடுக்குகிறார்.

ஒரே புத்தகத்தில் தொண்ணூற்றொன்பது குறிப்புகள். மொத்தம் ஐந்நூற்றுப் பதினொன்று.

இப்படிப்பட்ட சாதனைக்குப் பாராட்டு விழா எடுக்காவிட்டால் கழகம் எதற்கு? பதிப்பகமும் கழகமும் சேர்ந்து ஒரு மண்டபத்தைப் பிடித்தோம். முந்நூறு நாற்காலி, அத்தனையும் நிரம்பியது. குழந்தைகளை அழைத்து வர வேண்டாம் என்று அழைப்பிதழிலேயே கேட்டுக்கொண்டிருந்தோம். மேனேஜர் பேசும்போது, ஓவியர் 'பார்வை என்னும் தளையை உடைத்தெறிந்த துணிச்சல்காரர்' என்றார். ஆபரேஷன் என்ன ஆயிற்று என்று நான் ஓரமாகக் கேட்டதற்கு, "தேதி போயிடுச்சு சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு மைக்கைச் சரிசெய்யப் போய்விட்டார்.

பட்டயத்தை வழங்கும் பெருமை செயலாளருக்குத் தரப்பட்டது. கண்ணாடிச் சட்டம் போட்டு, தங்க எழுத்தில், 'கண்ணுக்குப் புலப்படாததைக் காட்டியவர்' என்று பொறித்திருந்தோம். வாசகம் என்னுடையதுதான். ஓவியரை ஒரு பெண் கைபிடித்து மேடைக்கு அழைத்து வந்தாள். நான் வணக்கம் சொன்னேன்.

அவர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "செயலாளர் சார்தானே? குரல் ஞாபகம் இருக்கு. அன்னிக்குக் கடுதாசி குடுத்தீங்களே."

"ஆமாம்மா," என்றேன். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "மேனேஜர்... படிச்சுக் காட்டினாரா?"

"காட்டினார்," என்றார்.

அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எப்படியாவது மேடையை விட்டு இறங்கினால் போதும் என்று பட்டயத்தை அவர் கையில் திணித்தேன். அவர் அதை நெஞ்சோடு சேர்த்து, சபையைப் பார்க்க நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்.

முன் வரிசையிலிருந்து மைக்ரோவின் குரல் எழும்பியது.

"தலைகீழ்! பட்டயத்தைத் தலைகீழாப் பிடிச்சிருக்காங்க! ஐந்நூத்திப் பன்னெண்டு!"

முந்நூறு பேரும் எழுந்து நின்றார்கள். கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. தலைவர் மிதிக்கக் கட்டை இல்லாத நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால் அதன் மேலேயே ஏறி நின்றார்.

"எதுக்கு சார் இப்படிக் கைதட்டறாங்க?" என்று ஓவியர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"உங்களுக்குத்தாம்மா," என்றேன்.

அன்றைய பதிவேட்டை என் கையால்தான் எழுதினேன். எழுத்து அழகாக வந்திருக்கிறது. 'குறிப்பு எண் 512: ஓவியர் பட்டயத்தைத் தலைகீழாகப் பிடித்தார். கண்டுபிடித்தவர்: துணைத் தலைவர். பொருள்: ஆய்வில் உள்ளது.' இதுவரை இதற்கு ஏழு விளக்கங்கள் வந்திருக்கின்றன. லிஃப்ட் இனி கீழ்நோக்கிப் போகும் என்பது தலைவரின் விளக்கம். இரண்டாவது நரி தலைகீழாகத் தொங்குகிறது என்று என் கோட்பாட்டுக்கு உயிர் கொடுக்கவும் ஒருவர் முன்வந்திருக்கிறார். எட்டாவது விளக்கம் எனக்கு மட்டும் தெரியும். கழகத்தின் முன் அதை நான் வைப்பதாக இல்லை.

அந்த அம்மா எதையும் தலைகீழாகப் பிடிக்கவில்லை. நான் கொடுத்ததை, கொடுத்தபடியே பிடித்துக்கொண்டிருந்தார்.